மறு: ‘ஸ்பான் ரன்’ - இழையோட்டம் எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

சிப்பிக்காளான் கையேட்டின் சொற்பட்டியலில், காளான் வித்தை இட்ட பிறகு பை முழுக்க வெளுக்கும் கட்டமான ‘ஸ்பான் ரன்’ என்பதற்கு நேரே ‘வித்து பரவுதல்’ என்று போட்டிருக்கிறோம். வேளாண் கையேடுகளில் உள்ள வழக்குதான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு நெருடல். வேகவைத்த சோளத்தில் காளான் இழையை வளர்த்து எடுத்ததைத்தான் ஸ்பான், அதாவது வித்து என்கிறோம். பாலித்தீன் பையில் வைக்கோல் அடுக்குகளுக்கு நடுவே தூவிய அந்தச் சோளம் தூவிய இடத்திலேயே கிடக்கிறது. அதிலிருந்து கிளம்பி வைக்கோலுக்குள் ஓடுவது இழை. பை முழுக்க வெளுப்பது இழையால்தான்.

இதை நான் விடாமல் பிடித்துக்கொள்ளக் காரணம் உண்டு. முதன்முறை வித்து வாங்கியபோது விற்றவர் ‘காளான் விதை’ என்றார். விதைதானே என்று பரணில் ஏற்றிவிட்டேன். சித்திரை மாதச் சேலம், ஓட்டு வீடு. ஒரு மாதம் கழித்துப் பிரித்தால் பையின் அடியில் மஞ்சள் நீர், மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை. உள்ளே இருப்பது உயிரோடு மூச்சுவிடும் இழை என்று எனக்குத் தெரியாது. ‘உறைமோர் மாதிரி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மாவே ஃபிரிட்ஜில் எடுத்து வைத்திருப்பார். (ஸ்பானுக்கே ‘உறை’ என்று பெயர் வைக்கலாமா என்றும் யோசித்தேன். காளான் வளர்வதே பாலித்தீன் உறையில் என்பதால் குழப்பம் வரும். ‘வித்து’ இருக்கட்டும்.)

‘இழையோட்டம்’ எனக்குக் கிடைத்த இடம் அம்மாபேட்டை. எங்கள் தெருவில் ஓர் அத்தை, தறியை நிறுத்திய அறையில் காளான் போடுகிறார். குழித்தறி இருந்த அறை; மண்தரை, சின்னச் சன்னல். கோணியை நனைத்துத் தொங்கவிட்டால் வெளியே கொதிக்கும் நேரத்திலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். போன மாதம் ஒரு பையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒரு சோளமணியைச் சுற்றி நகமளவு வெண்மை, பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல. “இங்க இழை ஓடிருச்சு பாரு கண்ணு. அந்தப் பக்கம் ஈரம் சாஸ்தி, இன்னும் ஓடல” என்றார். வைக்கோலைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, கை மட்டும் நனைய வேண்டும். அந்தப் பையில் அது தவறியிருந்தது.

தறிக்குப் பாவு (நீளவாட்டு நூல்) ஓடிப் பழகியவர் வாயில் அந்தச் சொல் தானாக வந்திருக்கிறது. ‘பேச்சில் வருத்தம் இழையோடியது’ என்று நாம் எல்லோரும் எழுதுகிறோம். ஊடே பரவுதல் என்பதே அங்கும் பொருள். பாடநூல்களில் உள்ள ‘பூஞ்சை இழை’யோடும் ஒட்டிப்போகிறது. இழையோடிய பை, இழையோட்ட அறை, இழையோட்டம் நின்றுவிட்டது என்று எப்படித் திருப்பினாலும் வளைந்துகொடுக்கிறது.

*

ஏற்காட்டிலிருந்து:

அண்ணா, சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பையைக் கெடுக்கும் பச்சைப் பூஞ்சையும் இழையாகத்தானே பரவுகிறது? அந்த ட்ரைக்கோடெர்மா முதல் சில நாள் வெள்ளையாகவே இருக்கும், ஸ்போர் எனும் பூஞ்சைத் தூள் கட்டிய பிறகுதான் பச்சை தெரியும். அதையும் இழையோட்டம் என்பீர்களா? பால்காளானுக்கு இழை முழுக்க ஓடிய பிறகு மேல்மண் போடுகிறோம். அந்த மண்ணுக்குள் இழை வருவதற்கு என்ன சொல்? இங்கே பயிற்சிக்கு வரும் பெண்கள் ‘ரன் ஆயிருச்சு’ என்றுதான் பேசுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

*

தங்கச்சிக்கு,

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசிக்க வைத்தது. ‘பச்சை ஓடிருச்சு’ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘பச்சை பிடிச்சிருச்சு’ என்கிறார்கள். ஊறுகாயில் பூஞ்சை பிடிக்கிறது, இரும்பில் துரு பிடிக்கிறது, பயிரில் பூச்சி பிடிக்கிறது. நாம் வளர்ப்பது ஓடட்டும், கெடுப்பது பிடிக்கட்டும். நோய்ப் பகுதி முழுக்கப் ‘பிடித்தல்’ என்றே மாற்றி எழுதித் தருகிறேன். வெள்ளையாக இருக்கும் முதல் சில நாளில் இரண்டையும் பிரிப்பது கண்ணுக்கே கடினம், அதற்குச் சொல் உதவாது. அதைக் கையேட்டில் தனியாக எச்சரித்தாக வேண்டும்.

மேல்மண்ணைப் பற்றி அத்தையிடமே கேட்டேன். “மண்ணுக்கு ஏறிருச்சும்போம்” என்றார். ‘இழையேற்றம்’ என்று வைக்கலாம். ‘ரன்’ என்று பேசுபவர்களைத் திருத்த வேண்டியதில்லை. சொல் முதலில் வரும் இடத்தில் ‘ஸ்பான் ரன் எனும் இழையோட்டம்’ என்று இரண்டையும் போட்டுவிடுவோம்.

பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: “இழையோட்டம் - வித்திட்ட நாள் முதல் பை முழுதும் வெண்மையாகும் வரையான கட்டம். சிப்பிக்காளானுக்கு 15 முதல் 20 நாள்.” ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், மார்கழிக் குளிரில் இன்னும் நாள் கூடும் அல்லவா? உங்கள் பைகளில் தேதி எழுதி வைத்திருப்பீர்கள். பார்த்து அனுப்பினால் அதையும் சேர்த்துவிடுகிறேன்.