தொழுக் கழிவுநீர்: கேஸ் கலனா, எருக்குழியா?

தொழுக்காரன்:
சேரன்மகாதேவி பக்கம் எங்கள் தொழுவில் 12 கலப்பினப் பசுக்கள். இரண்டு நேரமும் கழுவிவிடும் தண்ணீர் பின்னால் ஒரு மண்குழியில் போய் நிற்கும். மேலே காய்ந்த ஆடை, அதில் வெடிப்பு, வெடிப்பு வழியே குமிழி வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் பக்கத்து வீட்டு மதினி குத்துவிளக்கைக் கொண்டுவந்து காட்டினார்கள். விளக்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது, கறுத்துக் கிடந்தது. அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு செய்கிற வேலை அது. போன வருஷம் சாணிக் கரைசலைக் காற்றில்லாமல் செரிக்கவைத்து எரிவாயு பிடிக்கிற கேஸ் கலன் கட்டினோம், நாற்றம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. கழுவுகிற தொழு எல்லாவற்றுக்கும் இது வேண்டும் என்கிறேன்.

பிசானம்:
அண்ணாச்சி, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் அப்பா காலத்தில் சாணியை வாரி எருக்குழியில் போட்டார்கள். குவியலுக்குள் கொஞ்சம் காற்றுப் போகும், காற்றில்லாமல் அழுகும்போது வருகிற மீத்தேன் வாயு குறைவாகத்தான் உண்டாகும். நீங்கள் தண்ணீர் ஊற்றிக் குழம்பாக்கி, காற்றில்லாமல் ஊறப்போட்டுவிட்டு, அப்புறம் அதற்கு வைத்தியம் பார்க்கிறீர்கள். இன்னொன்று, மாடு விடுகிற மீத்தேனில் பெரும்பங்கு அசைபோடும்போது வாய் வழியாகத்தான் வருகிறது. அதைக் கலன் பிடிக்குமா?

தொழுக்காரன்:
பிடிக்காது. அதற்காகக் குழியில் வருவதை விட்டுவிடலாமா? நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு சூடேற்றும். ஒரு மாட்டுக்குத் தினம் 10 கிலோ சாணி என்றே வைப்போம். 25 கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் கேஸ். எனக்குத் தினம் நாலரைக்கு மேல் வருகிறது, இரண்டு வீட்டு அடுப்பு எரிகிறது. சம அளவு தண்ணீரில் கரைத்துவிட்டால் நம் ஊர் வெயிலுக்கு 30, 40 நாளில் செரித்துவிடும்.

வாய்க்கால்கரை:
அண்ணாச்சி, வெளியே வருகிற கரைசல் எங்கே போகிறது? எங்கள் ஊர்ப் பண்ணை ஒன்றிலும் கலன் இருக்கிறது. ஐப்பசி மழையில் அதன் கரைசல் தொட்டி நிறைந்து வாய்க்காலில் வழிந்தது. நாங்கள் குளிக்கிற படித்துறையில் கால் வைத்தால் வழுக்கும், தண்ணீர் பச்சையாக நின்றது. கலனுக்குள் போன தழைச்சத்து (நைட்ரஜன்) அழிந்துவிடுவதில்லை. அதில் கணிசமான பகுதி அம்மோனியாவாகிக் கரைசலில்தான் இருக்கிறது. திறந்த தொட்டி என்றால் அது காற்றில் பறக்கும், மிச்ச மீத்தேனும் கூடவே கிளம்பும்.

பிசானம்:
சரியாகச் சொன்னீர்கள் தாயி. மூத்திரத்தையும் சாணியையும் முதலிலேயே சேரவிடக் கூடாது. மூத்திரத்தில் உள்ள யூரியாவைச் சாணியில் இருக்கிற நொதிதான் உடைத்து அம்மோனியாவாக்குகிறது. எங்கள் தொழுவில் தளத்தைச் சரித்து, ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஓடை எடுத்தோம். மூத்திரம் தனித் தொட்டிக்குப் போகிறது, சாணி காய்ந்து கிடக்கிறது. கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை, அவ்வளவுதான்.

தொழுக்காரன்:
அந்தச் சரிவை நானும் போடப் போகிறேன். ஆனால் 12 கறவைக்குத் தளம் கழுவாமல் முடியாது, மடிநோய் வந்துவிடும். வாரிவிட்டுக் கழுவினால் தண்ணீர் குறையும், இல்லாமல் போகாது. கரைசலைக் கார் நெல் அறுப்பு முடிந்ததும் சாயங்காலம் வயலில் விட்டு உடனே உழுது மூடுகிறோம். மழைக்காலத்தில்தான் இடம் போதவில்லை. தொட்டிக்கு மூடியும் இல்லை. அது என் குறைதான்.

வாய்க்கால்கரை:
முதலில் மூடி போடுங்கள். பிறகு வண்டல் படிய ஒரு தொட்டி, அதைத் தாண்டிக் கரைசலை வடிகட்டக் கோரையும் சம்பும் நட்ட மணல் படுகை. பத்தமடைப் பாய்க்காரர்களுக்குக் கோரையைச் சொல்லித்தர வேண்டாம், சேற்றுத் தண்ணீரில் நன்றாக வரும். படியவைக்காமல் விட்டால் மணல் அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, அடைப்பு எடுக்க யாரையும் குழிக்குள் இறக்காதீர்கள். அந்த அழுகின முட்டை நாற்ற வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. ஆள் பிழைக்காது.

பிசானம்:
இத்தனை தொட்டிக்கும் இடம் இருக்கிறவருக்குச் சரி. மூன்று மாடு வைத்திருக்கிறவருக்கு எருக்குழிதான் என்பதில் நான் மாறவில்லை.

தொழுக்காரன்:
மூன்று மாட்டுக்கு நானும் மறுக்கவில்லை. தொட்டியின் நீள அகலத்தை நாளைக்கு அளந்து போடுகிறேன். வாய்க்காலுக்கும் அதற்கும் எத்தனை அடி இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு வருகிறேன்.