ஓடும் நோடின் அளவுருக்களைச் சேமித்து மீண்டும் ஏற்றுவது எப்படி?

பீன்யா_பொறியாளர்:
வணக்கம். பெங்களூரு பீன்யாவில் உள்ள எங்கள் பணிமனையில், ஆர்ஓஎஸ் 2 என்னும் ரோபோ மென்பொருள் தளத்தின் ஹம்பிள் பதிப்பில் இயங்கும் கிடங்கு ரோபோவின் வேக வரம்பு, தடை விலகல் தூரம் ஆகிய அளவுருக்களை (அமைப்பு மதிப்புகளை) ஓட்டத்தின்போதே திருத்துகிறோம். ஆனால் நோடை (ரோபோவின் ஒரு பணியைச் செய்யும் நிரலை) மறுபடி தொடங்கினால் பழைய மதிப்புகளே வந்துவிடுகின்றன. நிலையாகச் சேமிக்க வழி உண்டா?

ஒயிட்ஃபீல்ட்_வாசி:
ஆர்ஓஎஸ் 2-இல் அளவுருக்கள் அந்தந்த நோடிடமே இருப்பதால், நோட் நின்றதும் அவை மறைவது இயல்பே. ‘பாராம் டம்ப்’ கட்டளையின் வெளியீட்டை யாம்ல் (அமைப்புகளை எழுதும் உரை வடிவம்) கோப்பாகச் சேமியுங்கள். பிறகு ‘பாராம் லோட்’ மூலம் ஓடும் நோடிலேயே ஏற்றலாம்.

ஹெப்பால்_வாசகி:
மேலே ஐயா கூறியது சரி. ஆயினும், படிக்க மட்டும் என அறிவிக்கப்பட்ட அளவுருக்களை ‘லோட்’ மாற்றாது. ஆகவே நோடைத் தொடங்கும்போதே ‘பாராம்ஸ் ஃபைல்’ தெரிவின் வழியாகக் கோப்பைக் கொடுப்பதே நம்பகமானது என்பேன். மிக முக்கியமாக, கோப்பிலுள்ள நோட் பெயர், அதன் பெயர்வெளியோடு (நோட் பெயருக்கு முன் வரும் குழுப் பெயர்) சேர்த்து அப்படியே பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், பிழைச் செய்தி ஏதுமின்றி நோட் தன் இயல்பு மதிப்புகளுடனேயே தொடங்கிவிடும். பல ரோபோக்களுக்கு ஒரே கோப்பு எனில், பெயருக்குப் பதிலாக ஒரு சாய்கோடும் இரண்டு நட்சத்திரக் குறிகளும் இடுங்கள்.

பீன்யா_பொறியாளர்:
மிக்க நன்றி. நோடுகளைத் தொடங்கும் எங்கள் லாஞ்ச் கோப்பு ஒவ்வொரு ரோபோவுக்கும் தனிப் பெயர்வெளி தருவதால், நட்சத்திரக் குறி முறையையே பின்பற்றி, அளவுருக் கோப்பை கிட் (பதிப்புகளைப் பேணும் மென்பொருள்) களஞ்சியத்தில் வைக்கிறோம்.