க்ளையண்ட் மெயிலில் வரும் ஃபிரேசல் வெர்ப் எல்லாம் குழப்புகிறது, எப்படித்தான் படிப்பது?

இரவுப்பணி:
வணக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் இன்ஜினியரிங், இப்போது கோவையில் ஒரு சின்ன கம்பெனியில் சப்போர்ட் வேலை. க்ளையண்ட் அமெரிக்கா. டென்ஸ் எல்லாம் ஓரளவு வரும், மெயிலும் எழுதிவிடுவேன், ஆனால் ஃபிரேசல் வெர்ப் (புட் ஆஃப், கிவ் அப் மாதிரி வினையோடு ஒரு சின்னச் சொல் ஒட்டி வேறு பொருள் தருவது) வந்தால் அப்படியே நின்றுவிடுகிறேன். போன வாரம் "கேன் வீ மூவ் அப் த கால்?" என்று ஒரு மெயில். டீமில் பாதிப் பேர் முன்கூட்டியே வைக்கச் சொல்கிறார் என்கிறார்கள், மீதிப் பேர் தள்ளி வைக்கச் சொல்கிறார் என்கிறார்கள். அதே ஆள் இன்னொரு மெயிலில் புஷ் பேக் என்கிறார். இணையத்தில் கிடைத்த ஒரு நீளமான பட்டியலை பிரிண்ட் எடுத்து மனப்பாடம் செய்து பார்த்தேன். கெட் என்ற ஒரே வினைக்குக் கீழே கெட் அப், கெட் ஓவர், கெட் அலாங், கெட் அவே என்று பக்கம் முழுக்கப் போகிறது. காலையில் படித்தது மதியத்துக்குள் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. வேறு வழி உண்டா?

கரும்பலகை:
முதலில் அவசரக் கேள்விக்குப் பதில். மூவ் அப் என்றால் நேரத்தை முன்னால் கொண்டுவருவது, நான்கு மணிக்கு இருந்த ஃபோன் கால் மூன்று மணிக்கு வந்துவிடும். பிரிட்டன் ஆட்களாக இருந்தால் பெரும்பாலும் பிரிங் ஃபார்வர்டு என்பார்கள். நாம் இதற்கு ப்ரீபோன் என்று எழுதுவோம், இந்தியாவில் யாருக்கும் புரியும், உங்கள் க்ளையண்டுக்குப் புரியும் என்று நம்பாதீர்கள். புஷ் பேக் இரண்டு விதமாக வரும்: "புஷ் த கால் பேக்" என்றால் தள்ளிவைப்பது, "தே புஷ்ட் பேக் ஆன் த ப்ளான்" என்றால் திட்டத்தை ஒத்துக்கொள்ளாமல் மறுத்துப் பேசினார்கள். நேரத்தைப் பற்றிய மெயிலா, முடிவைப் பற்றிய மெயிலா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இன்னொரு ஜோடியையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், புட் ஆஃப் என்றால் மீட்டிங் பிறகு நடக்கும், கால் ஆஃப் என்றால் நடக்கவே நடக்காது.

இப்போது அந்தப் பட்டியல். அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கெட் என்று தலைப்புப் போட்டு அதன் கீழ் எல்லாவற்றையும் அடுக்கினால் குழம்பத்தான் செய்யும், ஏனென்றால் அவற்றுக்குள் கெட் என்ற ஒலியைத் தவிரப் பொதுவாக ஒன்றும் இல்லை. தமிழில் கண்டுபிடி என்பதைக் கண்டு, பிடி என்று பிரித்தா புரிந்துகொள்கிறோம்? முழுதாக ஒரே வினை, ஃபைண்ட் அவுட் மாதிரி. பார்த்துக்கொள் என்றால் லுக் ஆஃப்டர், தள்ளிப்போடு என்றால் புட் ஆஃப், கைவிடு என்றால் கிவ் அப், விட்டுக்கொடு என்றால் கிவ் இன். நாமும் சின்னச் சின்ன வினைகளை ஒட்டித்தான் பேசுகிறோம். அதனால் போஸ்ட்போன் என்ற நடுவழி ஆங்கிலச் சொல்லுக்குப் போகாமல், தள்ளிப்போடு என்பதிலிருந்து நேராகப் புட் ஆஃபுக்கு வாருங்கள். நம் பள்ளிப் பாடத்தில் போஸ்ட்போன், டாலரேட், இன்வெஸ்டிகேட் என்று லத்தீன் வழி வந்த சொற்களாகவே படித்துவிட்டோம், அவர்கள் பேசும்போது புட் ஆஃப், புட் அப் வித், லுக் இன்டு என்கிறார்கள்.

கறார்:
இதெல்லாம் சரி, ஆனால் அப், அவுட், ஆஃப் இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பொருள் இருக்கிறது, அதைப் படித்தால் போதும் என்று வீடியோ போடுகிறார்களே, அதை நம்பி யாரும் இறங்காதீர்கள். அப் என்றால் முழுசாக முடிப்பது, ஈட் அப், யூஸ் அப், சரி. அப்படியானால் த்ரோ அப்? வாந்தி எடுப்பதில் எதை முழுசாக முடிக்கிறோம்? ஆஃப் இன்னும் மோசம். லைட் கோஸ் ஆஃப் என்றால் அணைகிறது, அலாரம் கோஸ் ஆஃப் என்றால் அடிக்கிறது, பிரிட்டனில் பால் கோஸ் ஆஃப் என்றால் கெட்டுப்போகிறது.

கரும்பலகை:
முன்கூட்டியே ஊகிக்க உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து வாக்கியம் பார்த்த பிறகு நினைவில் நிறுத்த உதவும். ரன் அவுட், செல் அவுட், வேர் அவுட் மூன்றிலும் ஏதோ ஒன்று தீர்ந்தோ தேய்ந்தோ போகிறது. (ரன் அவுட் என்றதும் நமக்கு கிரிக்கெட்தான் ஞாபகம் வரும், "வீ ரேன் அவுட் ஆஃப் மில்க்" என்றால் பால் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.)

மான்செஸ்டர் நர்ஸ்:
நான் இங்கே வார்டில் வேலை பார்க்கிறேன், இங்கே இது மெயில் பிரச்சினை இல்லை, நோயாளி சொல்வது அந்த நொடியே புரிய வேண்டும். "ஐ கேம் அவுட் இன் அ ராஷ்" என்றால் உடம்பெல்லாம் தடிப்பு வந்துவிட்டது. "மை நீ கேவ் வே" என்றால் முழங்கால் தாங்காமல் மடங்கிவிட்டது. மயக்கம் போட்டு விழுந்தால் பாஸ் அவுட், தெளிந்தால் கம் ரவுண்ட். ஊரிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகள் நேர்காணலில் "ஐ பாஸ்ட் அவுட் இன் 2019" என்று சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர்கள் ஏன் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று தெரியாமல் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். படிப்பு முடித்ததைச் சொல்ல கிராஜுவேட்டட் என்றே சொல்லுங்கள். அதேபோல் பஸ்ஸிலிருந்து கெட் டவுன் இல்லை, கெட் ஆஃப். காரிலிருந்து என்றால் கெட் அவுட் ஆஃப். கோப் அப் வித் என்பதும் நம்ம ஊர் ஆங்கிலம்தான், கோப் வித் போதும்.

இரவுப்பணி:
மிக்க நன்றி, தள்ளிப்போடு, புட் ஆஃப் ஜோடி இனி மறக்காது. கரும்பலகை சார், இன்னொரு சந்தேகம். "பிக் அப் த டிக்கெட்" என்று எழுதலாம், "பிக் அப் இட்" என்று எழுதினால் மட்டும் ஏன் சிவப்புக் கோடு போடுகிறது?

கரும்பலகை:
பிக் அப் நடுவில் பிரியக்கூடிய வகை. "பிக் அப் த டிக்கெட்", "பிக் த டிக்கெட் அப்" இரண்டும் சரி, ஆனால் இட், தெம், ஹிம் வந்தால் நடுவில் மட்டுமே உட்காரும், "பிக் இட் அப்". லுக் ஆஃப்டர், லுக் இன்டு பிரியாத வகை, "லுக் இன்டு இட்" என்றுதான் வரும். எது எந்த வகை என்று ஊகிக்க வேண்டாம், லாங்மேன் அகராதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, பிரியும் வகைக்கு நடுவில் இரண்டு பக்கமும் முனை உள்ள அம்புக்குறி போட்டிருப்பார்கள். ஃபோன் காலில் பேசும்போது இன்னொன்றைக் கவனியுங்கள், "டர்ன் இட் ஆஃப்" மூன்று சொல்லாகக் கேட்காது, அமெரிக்க வாயில் டர்னிடாஃப் என்று ஒரே மூச்சில் ஓடும், அழுத்தம் கடைசி ஆஃபில் விழும். அந்தக் கடைசித் துண்டைப் பிடித்தால் போதும்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், உங்கள் க்ளையண்ட் அனுப்பிய பழைய மெயில்களைத் திறந்து ஒரு மணி நேரம் உட்காருங்கள். லுக் இன்டு, ஃபாலோ அப், கெட் பேக் டு, ரன் இன்டு, சைன் ஆஃப் என்று கொஞ்சம்தான் திரும்பத் திரும்ப வரும். முழு வாக்கியத்தையும் நோட்டில் எழுதுங்கள், சொல்லை மட்டும் எழுதாதீர்கள்.

இரவுப்பணி:
சரி சார், இன்றைக்கே எடுக்கிறேன். என் மெயில் எல்லாம் "லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ" என்றுதான் முடியும், அதாவது சரியா?

கரும்பலகை:
ஹியர் இல்லை, ஹியரிங். அங்கே வரும் டு அந்த ஃபிரேசல் வெர்புக்குச் சொந்தம், அதனால் பின்னால் பெயர்ச்சொல்லோ இங் வடிவமோதான் வரும். கெட் யூஸ்ட் டுவும் இதே கதைதான், "கெட் யூஸ்ட் டு வொர்க்கிங் நைட்ஸ்".