எமோஜிக்குத் தமிழ்ச்சொல்: ‘உணர்ச்சிக்குறி’யா, ‘படவெழுத்தா’?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எமோஜியை ‘உணர்ச்சிக்குறி’ என்றே வழங்கலாம் என்று முன்மடலில் ஐயா எழுதியிருந்ததை ஏற்கத் தயங்குகிறேன். முக்காற்புள்ளியையும் அடைப்புக்குறியையும் சேர்த்து முகம் வரையும் எமோட்டிகானுக்கு அச்சொல் பொருந்தும். எமோஜியோ சப்பானியச் சொல். ‘எ’ படம், ‘மோஜி’ எழுத்து. தேங்காய்ப் படத்தில் என்ன உணர்ச்சி இருக்கிறது?

தேங்காயைச் சும்மா சொல்லவில்லை. பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து உழவர்களுக்காகத் தமிழிலும் மலையாளத்திலும் தேங்காய் விலை சொல்லும் சாட்பாட் (தானாக மறுமொழி தரும் மென்பொருள்) ஒன்றை டெலகிராமில் எழுதினேன். செய்தியின் தொடக்கத்தில் தேங்காய் எமோஜி, ஓர் இடைவெளி, பிறகு தடித்த எழுத்தில் ‘தேங்காய்’ என்ற சொல். நிரலில் எமோஜியை அதன் யூனிகோடு குறியெண்ணான (ஒவ்வோர் எழுத்துக்கும் கணினியில் உரிய எண்) 129381 கொண்டே இட்டேன். தடிப்பு எந்த இடத்தில் தொடங்கி எவ்வளவு நீள வேண்டும் என்பதை எண்ணிக் குறித்தேன். வந்த செய்தியில் இடைவெளியிலிருந்தே தடிப்புத் தொடங்கி, கடைசி ‘ய்’யின் புள்ளி மட்டும் வெளியே நின்றது. நம் கண்ணுக்கு நான்கெழுத்தான ‘தேங்காய்’ கணினிக்கு எட்டுக் குறியெண்கள் என்பதை அறிந்து கணக்கிட்டிருந்தும் தவறு நேர்ந்ததற்குக் காரணம் எமோஜிதான்: நான் நிரலெழுதிய பைத்தான் மொழி அதை ஒன்றாக எண்ணுகிறது, யூடிஎஃப்-16 என்னும் குறியாக்க முறையின் 16 பிட் அலகில் எண்ணும் டெலகிராமுக்கோ, 65,535ஐத் தாண்டிய குறியெண் எதுவும் இரண்டு அலகு. 2944 முதல் 3071 வரைக்குள் அடங்கும் தமிழ் எழுத்துகளுக்கு இச்சிக்கல் இல்லாததால், நாம் இதைக் கவனிக்காமலே இருந்துவிடுகிறோம்.

ஆகவே, நிரலர் எமோஜியை எழுத்தாகக் கருதிக் கையாள வேண்டும். சொல்லும் அதையே உணர்த்த வேண்டும். ‘படவெழுத்து’ என்பது என் பரிந்துரை. ‘குறி’ ஏற்கெனவே நிறுத்தற்குறி, மேற்கோள்குறி, குறியெண் என்று போதுமான சுமையைத் தாங்குகிறது.

பாலக்காட்டு நண்பர் ‘சித்திரலிபி’ என்றார். மலையாளத்தில் அது பழங்கால எகிப்திய எழுத்தையே நினைவூட்டும். ‘படவெழுத்து’க்கும் அந்தக் குறை ஓரளவு உண்டு என்பதை மறுக்கவில்லை; ஆனால், சாட்பாட் நிரலைப் பற்றிய கையேட்டில் எகிப்தை எவரும் தேடப்போவதில்லை. தேடுபொறியின் பொருட்டுப் ‘பட எழுத்து’ என்று பிரித்தெழுதுவதையும் ஏற்கலாம்.

முக்காற்புள்ளிகளுக்கு இடையே பெயரை இட்டு (:coconut: போல) எமோஜியை வரவழைக்கும் முறைக்குப் ‘படவெழுத்து’ ஆகாது. மென்பொருள் மாற்றித் தரும்வரை அது வெறும் பெயரே என்பதால், ‘குறும்பெயர்’ எனலாமா? யூடிஎஃப்-16இல் ஓர் எமோஜியைக் குறிக்கும் அந்த இரண்டு அலகுச் சேர்க்கைக்குப் ‘பதிலி இணை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் தெரிவியுங்கள்.