புதுப்பிப்பு: 1.12.2015 மழை வரிசை ஏன் வடிகட்டலில் சிக்கவில்லை

முந்தைய இழையின் கேள்வி: சென்னை மழை அளவு சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) 1.12.2015 கண்ணுக்குத் தெரிகிறது, எக்செல்லில் ‘அந்தத் தேதிக்குச் சமம்’ என்று கேட்டால் ஒரு வரிசைகூட வருவதில்லை. விடை கிடைத்துவிட்டது. கோளாறு ஒன்றல்ல, இரண்டு.

எக்செல்லுக்குத் தேதி என்பது வெறும் எண், 1900 தொடக்கத்திலிருந்து எண்ணிவரும் நாள் கணக்கு. 1.12.2015 என்றால் 42339. மழைமானி அளவு காலை 8.30க்கு எடுப்பது, நேரமும் சேர்ந்து வருவதால், தேதியைச் சரியாகப் படித்தாலும் செல்லுக்குள் இருப்பது 42339.354. இரண்டும் எப்படிச் சமமாகும்? ‘42339 அல்லது மேல், 42340க்குக் கீழ்’ என்று கேளுங்கள்.

அடுத்தது இன்னும் மோசம். கணினியில் அமெரிக்கத் தேதி அமைப்பு, மாதம்தான் முதலில். அதனால் 01/12/2015 சத்தமில்லாமல் ஜனவரி 12 ஆகி, 42016.354 என்று உட்கார்ந்துகொண்டது. 13/12/2015க்குப் பதிமூன்றாம் மாதம் இல்லையே, அது எழுத்தாகவே நின்றுவிட்டது. எழுத்து எந்த எண்ணைவிடவும் பெரிது என்பது எக்செல் கணக்கு. ஆகவே சூத்திரத்தில் ‘இந்தத் தேதிக்குப் பின்’ என்று ஒப்பிட்டால் அவை எல்லாமே ‘ஆம்’. செல்லை இடப்பக்கம் ஒட்டி நிற்பவை எழுத்து, வலப்பக்கம் நிற்பவை எண்.

மாறிப்போனதைத் திருத்த மெனக்கெடாதீர்கள். மூலக் கோப்பை பவர் குவெரியில் (எக்செல்லுக்குள் தரவை இறக்கும் கருவி) திறந்து, அதுவாகப் போட்ட ‘சேஞ்ச்ட் டைப்’ படியை நீக்கி, தேதி நெடுவரிசைக்கு ‘சேஞ்ச் டைப்’ பட்டியலில் உள்ள ‘யூசிங் லோகேல்’ வழியே இங்கிலீஷ் (இந்தியா) கொடுங்கள்.

புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழிக்கு இந்த எண்களை எடுத்துப் போகிறவர்கள் தொடக்க நாளாக 30.12.1899 தர வேண்டும். 31.12.1899 அல்ல; காரணம், 1900ஐ லீப் ஆண்டாக எண்ணிய பழைய பிழையை எக்செல் இன்னும் சுமக்கிறது.