புழுங்கலுக்குத் தடை இல்லை

குழு: மன்னார்குடி வீடு
22 ஜூலை 2023, சனி

அண்ணன் (டல்லாஸ்), காலை 6:42
[படம்]
கடையிலிருந்து அனுப்புகிறேன். அரிசி அடுக்கு முழுக்கக் காலி. சோனா மசூரி ஒரு பைகூட இல்லை. ஆளாளுக்கு எட்டு, பத்து என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

அண்ணி (டல்லாஸ்), 6:45
நேற்றே நான் ஆறு பை எடுத்துவிட்டேன். 20 பவுண்டு பை 34 டாலர். போன வாரம் இதே பை 20 டாலருக்குள்தான் இருந்தது. இன்னும் ஆறு வாங்கலாம் என்று வந்தால் ஒன்றும் இல்லை. பக்கத்துக் கடையில் குடும்பத்துக்கு ஒரு பைதான் என்று எழுதி ஒட்டிவிட்டார்கள்.

அம்மா, 6:51
குழந்தைகளுக்கு என்னம்மா செய்வீர்கள்? அடுத்த மாதம் சம்பந்தி வீட்டில் கிளம்புகிறார்களே, அவர்களிடம் பத்து கிலோ கொடுத்து அனுப்பட்டுமா?

அண்ணன் (டல்லாஸ்), 6:53
வேண்டாம் அம்மா. இந்தியாவிலிருந்து பெட்டியில் அரிசி கொண்டு வரவே கூடாது. கப்ரா வண்டு என்று ஒரு பூச்சி, அது உள்ளே வந்துவிடும் என்று விமான நிலையத்திலேயே பிடித்து வைத்துவிடுவார்கள்.

அத்தை (சென்னை), 7:04
பலமுறை பகிரப்பட்டது
"அவசரம்! இந்தியா அரிசி ஏற்றுமதியை அடியோடு நிறுத்திவிட்டது. உலகம் முழுக்க அரிசிப் பஞ்சம் வருகிறது. ஒரு வருடத்துக்கு இப்போதே வாங்கி வையுங்கள். எல்லோருக்கும் பகிரவும்."

அத்தை (சென்னை), 7:05
எங்கள் குடியிருப்புக் குழுவில் வந்தது. உண்மையா? எதிர்வீட்டில் நாலு சிப்பம் இறக்கிவிட்டார்கள். நானும் சொல்லிவிடவா?

நான், 7:08
கொஞ்சம் பொறுங்கள் அத்தை. பெரியப்பா பார்க்கட்டும்.

பெரியப்பா, 7:36
எல்லாம் படித்தேன். தங்கச்சி, அந்தப் பகிர்வை இனி யாருக்கும் அனுப்பாதே. பாதி உண்மை, பாதி பயம்.

தடை வந்தது நிஜம். 20-ம் தேதி டெல்லியில் உத்தரவு போட்டார்கள். ஆனால் அது பாசுமதி அல்லாத பச்சரிசிக்கு மட்டும். நாடு ஏற்றுமதி செய்யும் மொத்த அரிசியில் அது கால் பங்குதான். பாசுமதிக்குத் தடை இல்லை. புழுங்கலுக்குத் தடை இல்லை. உத்தரவுக்கு முன்பே கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்கும் போய்ச் சேரும்.

பெரியப்பா, 7:41
பெரியவனே, இப்போது நீ சொல். நம் வீட்டில் எந்த அரிசி தின்று வளர்ந்தாய்? பொன்னிப் புழுங்கல். இட்லி அரிசியும் புழுங்கல்தான். பொங்கலுக்கும் கொழுக்கட்டைக்கும் இடியாப்பத்துக்கும்தான் நமக்குப் பச்சரிசி. தினமும் சோனா மசூரி பச்சரிசி வடிக்கிற ஆந்திரா, தெலங்கானா பிள்ளைகளுக்குத்தான் இப்போது சிரமம். உங்கள் ஊரில் அவர்கள் நிறையப் பேர் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

அண்ணன் (டல்லாஸ்), 7:44
இங்கே வந்த நாளிலிருந்து சோனா மசூரிதான் பெரியப்பா. எல்லாக் கடையிலும் அதுதான் முன்னால் இருக்கும். இருங்கள், உள்ளே போய்ப் பார்க்கிறேன்.

அண்ணன் (டல்லாஸ்), 7:52
[படம்]
கடைசி அடுக்கில் பொன்னிப் புழுங்கல் பாதிக்கு மேல் இருக்கிறது. இட்லி அரிசியும் இருக்கிறது. யாரும் தொடவில்லை.

அண்ணி (டல்லாஸ்), 7:55
சின்னவள் புழுங்கல் வாசனை பிடிக்காது என்று தட்டைத் தள்ளிவிடுவாள் மாமா.

அம்மா, 7:58
நன்றாகக் கழுவி அரைமணி நேரம் ஊறவைத்து வடிம்மா. குக்கரில் வைக்காதே. முதலில் தயிர்சாதமாகப் பிசைந்து கொடு. அப்புறம் அவளே கேட்பாள்.

நான், 8:03
பெரியப்பா, எதற்குத் திடீரென்று தடை? நம் ஊரில் அரிசி பற்றாக்குறையா?

பெரியப்பா, 8:20
பற்றாக்குறை இல்லை. உணவுக் கழகக் கிடங்குகளில் வைத்திருக்க வேண்டிய அளவைவிட நிறையவே இருக்கிறது. பிரச்சினை விலை. ஒரு வருடத்தில் சில்லறை விலை 11.5 சதவீதம் ஏறிவிட்டதாக அரசே சொல்கிறது. போன செப்டம்பரில் இதே பச்சரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டுப் பார்த்தார்கள். அப்போதும் ஏற்றுமதி குறையவில்லை, கூடியது. வெளியே அவ்வளவு நல்ல விலை.

இந்த வருடம் எல் நினோ, மழை குறையலாம் என்கிறார்கள். பஞ்சாபிலும் அரியானாவிலும் நட்ட வயலில் வெள்ளம். இங்கே ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தார்கள், குறுவை நட்டோம். ஆனால் அணைக்கு வரத்து இல்லை, கடைமடைக்குத் தண்ணீர் எப்படி வரப்போகிறதோ தெரியவில்லை. இதையெல்லாம் பார்த்துத்தான் டெல்லியில் முன்கூட்டியே கதவைச் சாத்துகிறார்கள். விளைவிக்கிறவனுக்கு இதில் வருத்தம் உண்டு. நல்ல விலை வரும் நேரத்தில்தான் கதவு சாத்தப்படுகிறது. அதை யாரும் எழுதுவதில்லை.

அத்தை (சென்னை), 8:26
அப்படியென்றால் எனக்கு நாலு சிப்பம் வேண்டாமா அண்ணா?

பெரியப்பா, 8:38
வேண்டாம். கணக்குப் பார். நீங்கள் இரண்டு பேர். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை, இரவில் தோசை, சப்பாத்தி. மாதம் எட்டு கிலோ தாண்டாது. 26 கிலோ சிப்பம் ஒன்றே மூன்று மாதம் வரும். (25 கிலோ வரை கட்டிய பைக்கு போன வருடம் ஜூலையில் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதிலிருந்து ஆலைகளெல்லாம் 26 கிலோவாகக் கட்டுகின்றன. பையைத் திருப்பிப் பார், போட்டிருக்கும்.) நாலு சிப்பம் வாங்கினால் ஒரு வருடம். சென்னை ஈரக்காற்றில், அதுவும் மழைக்காலத்தைத் தாண்டி வைத்தால், கடைசி சிப்பத்தைத் திறக்கும்போது வண்டுதான் இருக்கும்.

இன்னொன்று. ஏற்றுமதிக்குத் தடை என்றால் வெளியே போகவேண்டிய அரிசி உள்ளே நிற்கிறது. உள்ளூரில் விலை ஏறுவதற்கு அது காரணமே இல்லை. எல்லோரும் ஒரே வாரத்தில் நாலு சிப்பம் கேட்டால் மட்டும் ஏறும். மண்டியில் முப்பது வருடம் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். கடைக்காரர் முகத்தைப் பார்த்து விலை சொல்வார். பயந்த முகம் வந்தால் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட.

தங்கை (சிங்கப்பூர்), 9:10
இப்போதுதான் பார்த்தேன். இங்கே ஒரு நெல்மணி விளையாது பெரியப்பா, ஆனாலும் லிட்டில் இந்தியாவில் இன்று கூட்டம் அவ்வளவாக இல்லை. அரிசி இறக்குமதி செய்கிறவர்கள் மாதாந்திர இறக்குமதியைப் போல இரண்டு மடங்கை அரசு குறித்த கிடங்கில் வைத்தே ஆக வேண்டும். பொன்னியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதனால் வீட்டில் யாரும் குவிப்பதில்லை.

பெரியப்பா, 9:15
நல்ல ஏற்பாடு. சேமித்து வைப்பது அரசும் வியாபாரியும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. அது சரியாக நடக்காத ஊரில்தான் கட்டிலுக்கு அடியில் மூட்டை வைப்பார்கள். என் பள்ளிக்கூட நாளில், அறுபதுகளில், நம் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து அரிசி வெளியே போகவே கட்டுப்பாடு இருந்தது. சாவடியில் வண்டியை நிறுத்தி சோதிப்பார்கள். 1967-ல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். அந்தப் பஞ்சத்தைப் பார்த்தவர்கள் பயந்தால் அர்த்தம் இருக்கிறது. இப்போது ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். பஞ்சத்துக்கும் விலைவாசிக்கும் வித்தியாசம் இருக்கிறது.

அத்தை (சென்னை), 9:21
அண்ணா, ரேஷன் பருப்பு மாதம் ஒரு கிலோதான். கடையில் துவரை 150-ஐத் தாண்டிவிட்டது. தக்காளி 120. ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குத் தக்காளி கொடுக்கிறார்கள் என்று போனால் எட்டு மணிக்கே தீர்ந்துவிடுகிறது. எனக்குப் பயம் வருவது அதனால்தான். காய்கறிக்காரர் ஒவ்வொரு நாளும் ஒரு விலை சொல்கிறார். ஓய்வூதியம் ஒரே தொகைதான்.

பெரியப்பா, 9:30
நீ சொல்வது சரி. நான் லேசாகச் சொல்லிவிடக் கூடாது. துவரைக்கு நியாயமான கவலைதான், விளைச்சலே குறைவு. ஜூன் 2-ல் இருப்பு வரம்பு போட்டிருக்கிறார்கள். மொத்த வியாபாரி 200 டன், சில்லறைக் கடை 5 டன், அதற்கு மேல் வைக்கக் கூடாது. வரம்பு வியாபாரிக்குத்தான், வீட்டுக்கு இல்லை. துவரையை மூன்று மாதத்துக்கு வாங்கி வை, தப்பில்லை. பாதிக்குப் பாசிப்பருப்பு போட்டுச் சாம்பார் வை, ருசி கெடாது.

அம்மா, 9:37
பருப்பை வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஆறியதும் கிலோவுக்கு அரை ஸ்பூன் விளக்கெண்ணெய் தடவி, மூடி இறுகும் டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும், பூசணம் பிடிக்கும்.

நான் வருடத்துக்கு வாங்குவது மூன்று சாமான்தான். புளி, மிளகாய், மல்லி. மாசி, பங்குனியில் புதுசு வரும், விலை இறங்கும், வெயிலும் இருக்கும். புளியைக் கொட்டை, நார் எடுத்து, கல் உப்பு ஒரு வரிசை, புளி ஒரு வரிசை என்று ஜாடியில் அமுக்கி வைத்தால் இரண்டு வருடம் ஆனாலும் கெடாது, நிறம்தான் கறுக்கும். இந்த ஆடியில் புளி என்ன விலை விற்றால் எனக்கென்ன? என் மாமியார் சொல்லிக் கொடுத்தது. விளைந்து வரும்போது வாங்கினால் விற்கிறவனுக்கும் காசு தேவைப்படும் நேரம், நமக்கும் மலிவு. யாருடைய பங்கையும் நாம் எடுப்பதில்லை.

அண்ணி (டல்லாஸ்), 9:48
மாமா, இந்த ஆறு பையை என்ன செய்வது? வண்டி நிறுத்தும் அறையில் வைத்திருக்கிறோம்.

பெரியப்பா, 9:55
முதலில் அங்கிருந்து எடும்மா. டெக்சாஸ் கோடையில் அந்த அறை கொதிக்கும், சூட்டில் வண்டு இன்னும் வேகமாகப் பெருகும். வீட்டுக்குள், சுவரை ஒட்டாமல், தரையில் படாமல் பலகை மேல் வை. உங்களிடம் பெரிய உறைபெட்டி (ஃப்ரீசர்) இருக்கிறதே, ஒவ்வொரு பையாக நாலு நாள் அதில் வைத்தெடு. கண்ணுக்குத் தெரியாத முட்டையும் செத்துவிடும். எடுத்ததும் பிரிக்காதே, ஈரம் கோக்கும். ஒரு நாள் வெளியே வைத்துவிட்டு டப்பாவில் கொட்டு. பையின் மேல் தேதி எழுது. பழையதை முதலில் எடு.

பச்சரிசியும் புழுங்கலும் இப்படி வைத்தால் ஒரு வருடம் தாங்கும். தவிடு நீக்காத அரிசியை மட்டும் சேர்க்காதே. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, சில மாதத்தில் சிக்கு வாடை வரும்.

அண்ணன் (டல்லாஸ்), 10:02
நாலு பேருக்கு மாதம் ஒரு பை ஆகிறது. ஆறு பை ஆறு மாதம். இனி எடுக்கவில்லை பெரியப்பா.

அண்ணி (டல்லாஸ்), 10:09
மாமா, ஒன்று கேட்கட்டுமா? எங்கள் கீழ் வீட்டில் ஐந்து மாணவர்கள் இருக்கிறார்கள், வாரங்கல் பக்கம். நேற்று இரவு மூன்று கடை அலைந்துவிட்டு வெறும் கையோடு வந்தார்கள். மூன்று வேளையும் சோறு தின்கிற பிள்ளைகள். நான் வண்டியிலிருந்து பைகளை இறக்கும்போது பார்த்துக்கொண்டே போனார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

பெரியப்பா, 10:13
உனக்கே தெரியும் என்ன செய்வதென்று.

அண்ணி (டல்லாஸ்), 10:41
மூன்று பை கொடுத்துவிட்டேன். போன வார விலை மட்டும் வாங்கிக்கொண்டேன், சும்மா கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார்கள். நாங்கள் பொன்னிக்கு மாறிக்கொள்கிறோம்.

அம்மா, 10:44
நன்றாக இரும்மா.

26 ஆகஸ்ட் 2023, சனி

தங்கை (சிங்கப்பூர்), காலை 8:15
பெரியப்பா, நேற்று புழுங்கலுக்கும் 20 சதவீத வரி போட்டுவிட்டார்களே!

பெரியப்பா, 8:40
பார்த்தேன். அக்டோபர் 16 வரை என்று போட்டிருக்கிறது. நீட்டினாலும் நீட்டுவார்கள். பச்சரிசி கிடைக்காதவர்கள் எல்லோரும் புழுங்கலுக்கு வந்தார்கள், அதைத் தடுக்கத்தான் இது. ஆனால் வரி வேறு, தடை வேறு. சரக்கு வரும்.

பெரியவனே, கடைக்காரர் விலையை ஏற்றினால் இந்தக் கணக்கை வைத்துக்கொள். டன் 600 டாலர் என்றே எடு. உன் பை ஒன்பது கிலோ, அதில் அரிசியின் விலை ஐந்தரை டாலர்கூட இல்லை. வரி 20 சதவீதம் என்றால் ஏறத்தாழ ஒரு டாலர். பைக்கு ஒன்று, ஒன்றரை கூடினால் கொடு. எட்டு டாலர் கூட்டினால் அது டெல்லி போட்ட வரி இல்லை.

அண்ணன் (டல்லாஸ்), 9:02
இங்கே சோனா மசூரியும் திரும்ப வந்துவிட்டது பெரியப்பா. 26 டாலர். அன்று 34-க்கு எடுத்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பையை இன்னும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் பொன்னி மாதம் ஒன்று வாங்குகிறோம். சின்னவள் தயிர்சாதம் சாப்பிடுகிறாள்.

அத்தை (சென்னை), 9:20
இங்கே தக்காளி 30-க்கு வந்துவிட்டது. துவரை இறங்கவில்லை. மன்னார்குடி அண்ணி, மாசியில் புளி வாங்கும்போது எனக்கும் ஐந்து கிலோ சேர்த்துச் சொல்லுங்கள். மிளகாய் இரண்டு கிலோ, நீளம் ஒன்று, குண்டு ஒன்று. அண்ணா, சம்பா அறுத்ததும் எனக்குப் புது அரிசி வேண்டாம், பழையதே ஒரு சிப்பம் போதும்.

பெரியப்பா, 9:26
எழுதிக்கொண்டேன். வேறு யாருக்கு என்ன வேண்டும் என்று தைக்குள் சொல்லிவிடுங்கள்.