யூதர்கள் அருகிப்போன ஊரில் யூத விழா: கிராகோவ் பற்றி ஒரு வாதம்

திரைவிரும்பி:
போலந்தின் கிராகோவ் நகரில் ஆண்டுதோறும் ஜூன் கடைசி, ஜூலை தொடக்கம் வாக்கில் யூதப் பண்பாட்டு விழா நடக்கிறது. 1988-ல் யானுஷ் மகுக், கிஷிஷ்டோஃப் கியெராட் என்ற இருவர் ஒரு சிறிய திரையரங்கில் படங்கள் போட்டு, கூடவே ஒரு கருத்தரங்கும் வைத்து ஆரம்பித்தார்கள். இருவருமே யூதர்கள் அல்ல. அப்போது அங்கே இன்னும் கம்யூனிஸ்ட் ஆட்சி. இப்போது பாடல், கிளெஸ்மர் என்ற கிழக்கு ஐரோப்பிய யூத இசை, சமையல் வகுப்பு, ஹீப்ரு எழுத்துக்கலை, காகிதம் கத்தரிக்கும் கலை என்று விழா பெரிதாகிவிட்டது. கடைசி இரவில் ஷெரோகா தெருவில் பல ஆண்டுகள் நடந்த திறந்தவெளிக் கச்சேரிக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் நின்றது. தன்னுடையது அல்லாத ஒரு பண்பாட்டை ஒரு ஊர் இப்படித் தூக்கிப் பிடிப்பது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. மறுப்பு இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஆற்றங்கரை:
மறுக்கிறேன். இரண்டாம் உலகப் போருக்கு முன் கிராகோவில் 60,000-க்கு மேல் யூதர்கள் இருந்தார்கள். நகரத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர். பெரும்பாலானவர்களை நாஜிகள் முதலில் ஊரைவிட்டே விரட்டினார்கள். மிஞ்சியவர்களை 1941 மார்ச்சில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பொட்கூஷே பகுதியில் கெட்டோவுக்குள் (யூதர்களை மட்டும் அடைத்துவைத்த பகுதி) அடைத்தார்கள். 1943 மார்ச் 13, 14 தேதிகளில் அந்தக் கெட்டோவையும் துடைத்து எடுத்தார்கள். வேலை செய்யத் தெம்பிருந்தவர்கள் பிளாஷோவ் கட்டாய உழைப்பு முகாமுக்குப் போனார்கள். மற்றவர்களில் பலரைத் தெருவிலேயே சுட்டார்கள், மிச்சப் பேரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். இன்று அந்த ஊரில் யூதர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் மிகச் சிலர். வீட்டுக்காரர்களைக் கொன்றுபோட்ட வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடி அவர்கள் பாட்டைப் பாடுவதை நான் எப்படிக் கொண்டாட்டம் என்று சொல்வேன்?

இன்னொன்று. அதே ஊர்க் கடைகளில் கையில் காசு வைத்திருக்கும் யூதர் பொம்மையும் படமும் விற்கிறார்கள். அந்தப் படத்தை வாசல் பக்கம் மாட்டினால் பணம் சேரும் என்று ஒரு நம்பிக்கை. சனிக்கிழமை படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைப்பவர்களும் உண்டு, காசு வீட்டுக்குள் கொட்டுமாம். பழைய வெறுப்பின் முகம்தான் இது. விழா பார்க்க வருகிறவன் அந்தப் பொம்மையையும் வாங்கிக்கொண்டு போகிறான்.

கூடலூரான்:
அக்கா, நான் வேலை நிமித்தமாக கிராகோவில்தான் இருக்கிறேன். பொம்மை விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். ஆனால் அதை விற்கிறவர்கள் வேறு, விழா நடத்துகிறவர்கள் வேறு. கிராகோவின் பழைய யூதக் குடியிருப்பான கசிமியெஷ் பகுதியில் ஆண்டு முழுவதும் ஒரு சுற்றுலா வியாபாரம் ஓடுகிறது: யூதப் பெயர்ப்பலகை வைத்த உணவகம், தட்டோடு சேர்த்து வயலின். விழா வாரத்தில் நடப்பது அதுவல்ல. அங்கே டெம்பிள் என்ற யூதத் தொழுகைக்கூடத்தில் ஒரு கச்சேரி கேட்டேன். 1860-களில் கட்டியது. நாஜிகள் அதைக் குதிரை லாயமாக வைத்திருந்தார்கள். 1990-களில் பெருஞ்செலவில் சீரமைத்தார்கள். தங்க வேலைப்பாடு, வண்ணக் கண்ணாடி, மேலே மாடம் வரை நெருக்கியடித்துக் கூட்டம். மேடையில் நின்றவர் தொழுகைக்கூடத்தில் பாடிப் பழகிய, வெளிநாட்டிலிருந்து வந்த யூதர். போலந்துக்காரர் வேஷம் கட்டி நிற்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் சொல் தெரியாமலே கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இந்த விழா இல்லாவிட்டால் அந்தக் கட்டடத்துக்குள் அத்தனை போலந்துக்காரர்கள் கால் வைத்திருக்கவே மாட்டார்கள்.

ஆற்றங்கரை:
கேட்க வருவது நல்லதுதான் தம்பி. என்ன கேட்க வருகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. இசை இனிமையாக இருக்கிறது, சாப்பாடு ருசியாக இருக்கிறது. 1946 ஜூலையில், போர் முடிந்து ஓராண்டு கழித்து, கீல்ட்சே நகரில் உயிர் தப்பி வந்த யூதர்களை ஊர்க்காரர்களும் சிப்பாய்களும் போலீசாருமே கொன்றார்கள், நாற்பது பேருக்கு மேல். 1968-ல் அரசாங்கமே கிளப்பிவிட்ட யூத வெறுப்பில் 13,000-க்கு மேற்பட்டவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். 2018-ல் என்ன செய்தார்கள்? நாஜிக் குற்றங்களில் போலந்து தேசத்துக்குப் பங்கு உண்டு என்று சொன்னால் மூன்றாண்டு வரை சிறை என்று சட்டம் போட்டார்கள். உலகமே எதிர்த்த பிறகு சில மாதத்தில் சிறைத் தண்டனையை மட்டும் எடுத்தார்கள். பாட்டைக் கொண்டாடுகிற நாடு வரலாற்றைப் பேசினால் ஏன் பதறுகிறது?

திரைவிரும்பி:
அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது அரசாங்கம். விழாவைத் தொடங்கியவர்கள் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, இந்தப் பேச்சே எடுக்க முடியாத காலத்தில் ஆரம்பித்தவர்கள். மகுக் புவாவி என்ற ஊரில் பிறந்தவர். போருக்கு முன் தன் ஊரில் யூதர்கள் திரளாக வாழ்ந்தார்கள் என்பதே சிறுவயதில் அவருக்குத் தெரியாது. உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். பள்ளிக்கூடமும் சொல்லவில்லை, வீடும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை உடைக்கத்தான் விழாவே. இனிமையைக் காட்டி வரலாற்றை மறைக்கிறார்கள் என்று அவர் மேல் சொல்வது அநியாயம்.

மகுக்கின் ஊருக்குப் பக்கத்திலேயே கசிமியெஷ் டோல்னி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. (கிராகோவின் கசிமியெஷ் வேறு, இது வேறு.) 1936-ல் வந்த 'யிட்ல் மிட்ன் ஃபிட்ல்' என்ற யிட்டிஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) படத்தை அங்கே எடுத்தார்கள். ஆண் வேஷம் போட்டு வயலின் வாசிக்கும் பெண்ணாக மோலி பிகான் நடித்த இசைப்படம், சிரிப்பும் பாட்டுமாக ஓடும். அதில் வரும் கல்யாணக் காட்சியில் துணை நடிகர்களாக உட்கார்ந்திருப்பவர்கள் அந்த ஊர் யூத மக்கள்தான். தாடி வைத்த கிழவர்கள், கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கும் பையன்கள், பந்தியில் குனிந்து சாப்பிடுகிறவர்கள். ஆறு ஆண்டுக்குள், 1942-ல், அந்த ஊர் யூதர்களை பெல்ஜெட்ஸ் கொலை முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்க்கிறவனுக்கு யாரும் தனியாக வரலாற்று வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

ஆற்றங்கரை:
"தெரிந்துகொண்டு" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். யாராவது எழுந்து சொன்னால்தானே தெரியும்? இல்லாவிட்டால் அது வெறும் கல்யாணக் காட்சி. இன்னொரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிராகோவ் யூதர்கள் பற்றிய 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தின் கெட்டோக் காட்சிகள் பலவற்றை இயக்குநர் ஸ்பீல்பெர்க் கிராகோவின் கசிமியெஷ் பகுதியில்தான் எடுத்தார். உண்மையான கெட்டோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதனால் இன்றைக்கும் சுற்றுலாக்காரர்கள் கசிமியெஷையே கெட்டோ என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சினிமா நினைவைக் காப்பாற்றும், சரி. அதே சினிமா நினைவை இடம் மாற்றியும் வைத்துவிடும். அதனால்தான் திரையிடுகிறவனுக்குப் பொறுப்பு அதிகம் என்கிறேன்.

மழைக்காகிதம்:
நடுவில் ஒன்று கேட்கிறேன். அந்த ஊர் யூதர்களே இந்த விழாவை என்ன நினைக்கிறார்கள்? நாம் மூன்று பக்கம் பேசியும் அதை யாரும் சொல்லவில்லையே.

கூடலூரான்:
நல்ல கேள்வி. 2008-ல் கசிமியெஷில் யூதச் சமூக மையம் ஒன்று திறந்தார்கள். கிராகோவில் உயிர் தப்பிய முதியவர்களைச் சந்தித்த பிரிட்டனின் அப்போதைய இளவரசர் சார்லஸ் முயற்சி எடுத்து, அவரே வந்து திறந்து வைத்தார். வெள்ளிக்கிழமை இரவு அங்கே சப்பாத் (யூதர்களின் வார ஓய்வுநாள்) விருந்து உண்டு. பாட்டி சாகும் தறுவாயில் சொல்லித்தான் தான் யூதக் குடும்பம் என்று தெரிந்துகொண்டு அங்கே வரும் இளைஞர்களும் இருக்கிறார்கள். விழா நாட்களையொட்டி ஆஷ்விட்ஸிலிருந்து கிராகோவுக்கு சைக்கிளில் வருகிறார்கள். பயணம் முடிவது அந்த மைய வாசலில். ஆக, விழாவும் அங்கே வாழும் யூதர்களும் இரண்டு தனித்தனி உலகம் இல்லை. விழா முந்தியது, மையம் பிந்தியது. இருபது ஆண்டு அந்தத் தெருவில் யூதப் பாட்டு உரக்கக் கேட்டதால்தான் தன் குடும்பப் பெயரை வெளியே சொல்லச் சிலருக்குத் தைரியம் வந்தது என்பது என் எண்ணம்.

ஆற்றங்கரை:
அந்த இளைஞர்களுக்காக இருந்தால் எனக்கு முழுச் சம்மதம். அப்படியானால் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன்: மேடையில் யார், முடிவு எடுக்கும் மேசையில் யார்? வெளிநாட்டிலிருந்து பாடகரை வரவழைப்பது ஒன்று. பாட்டி சொல்லித் தெரிந்துகொண்ட அந்தப் பெண்ணை உட்காரவைத்து "எந்தப் படம் போடலாம், அதற்குப் பிறகு யார் பேசலாம்" என்று கேட்பது இன்னொன்று. 1946-ஐயும் 1968-ஐயும் பற்றிய படம் ஒவ்வொரு ஆண்டும் வர வேண்டும். அதுவும் கூட்டம் நிறைந்திருக்கும்போது வர வேண்டும்.

திரைவிரும்பி:
அங்கேதான் நான் மாறுபடுகிறேன் அக்கா. யூதர் என்றாலே சாவு என்று ஆகிவிடக் கூடாது. ஆஷ்விட்ஸ் அங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம், சாவைப் பார்க்க உலகமே அங்கே போகிறது. அந்தத் தெருவில் பல நூறு ஆண்டுகள் கல்யாணம் நடந்தது, கடன் வாங்கினார்கள், வாதாடினார்கள், பாடினார்கள். அதைக் காட்ட ஆண்டுக்குச் சில நாள் கேட்பது அதிகமில்லை.

ஆற்றங்கரை:
அத்தனை நாளும் எடுத்துக்கொள்ளட்டும். அதில் ஒரு மாலையைத்தான் நான் கேட்கிறேன்.

கூடலூரான்:
அடுத்த ஆண்டு நிகழ்ச்சி நிரல் வந்ததும் படப் பட்டியலையும், படம் முடிந்து யார் பேசுகிறார்கள் என்பதையும் இங்கேயே போடுகிறேன். அதை வைத்துப் பேசலாம்.